வேலியில் படர்ந்திருப்பது சிறுகுறிஞ்சான்தானா? மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

மலையடிவாரத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சிறுமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்து முள்வேலியில், ஆண்டு முழுவதும் பச்சை மாறாத ஒரு கொடி படர்ந்து கிடக்கிறது. ஆடு மேய்க்க வரும் பெரியவர் அதைச் சிறுகுறிஞ்சான் என்றும், சர்க்கரைக்கொல்லி என்பதும் அதுவே என்றும் சொல்கிறார். அப்பாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தினமும் நான்கைந்து இலைகளை மென்று தின்றால் மாத்திரையையே விட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்ல, அவருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. கொடியை எப்படி உறுதிப்படுத்துவது, அப்பாவுக்குக் கொடுக்கலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பசுந்தழை (மறுமொழி):

இலையை வாயில் வைக்கும் முன் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். அதே வேலியில் நஞ்சறுப்பானும் படரக்கூடும். அதன் இலையும் எதிரெதிராகவே அமைந்திருக்கும், ஆனால் தின்றால் குமட்டலும் வாந்தியும் வரும். வேலிகளில் படரும் இன்னொரு கொடியான வேலிப்பருத்தியை அடையாளம் கண்டு ஒதுக்குவது எளிது: இதய வடிவ இலை, கிள்ளினால் வடியும் பால், மேலெல்லாம் மென்முள் கொண்ட காய்.

சிறுகுறிஞ்சான் இலை சிறியது, நீள்வட்டமாக நுனி கூர்ந்திருக்கும். இளந்தண்டையும் இலையின் அடிப்புற நரம்புகளையும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய பூனைமயிர் தெரியும். இலைக்கணுக்களில் மிகச்சிறிய மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும்; காய் மெலிந்து, நுனி கூர்ந்து, முள்ளின்றி இருக்கும்; முற்றி வெடித்தால் பஞ்சு ஒட்டிய விதைகள் பறக்கும். பூவும் காயும் வரும்வரை பொறுத்திருந்து பார்ப்பதே நல்லது. அருகில் சித்த மருத்துவர் இருந்தால் ஒரு கிளையை ஒடித்துக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

இவையெல்லாம் பொருந்திய பிறகு, ஓர் இலையை நன்கு மென்று துப்பிவிட்டு நாக்கில் சிறிது சர்க்கரையை வையுங்கள். சிறுகுறிஞ்சானாக இருந்தால் இனிப்பே தெரியாது, மணலைப் போல நறநறக்கும். உப்பும் புளிப்பும் வழக்கம்போல் தெரியும்.

நீலகிரிவாசி (மறுமொழி):

இந்தச் சோதனையைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாக்கில் இனிப்பு மறைவதைக் கண்டதும் இரத்தத்திலும் சர்க்கரை குறைந்துவிடும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு. 1887இல் உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் இவ்விலையை ஆராய்ந்து பிரித்தெடுத்த ஜிம்னீமிக் அமிலம், நாவில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சுவை திரும்பிவிடும். அந்த நேரத்தில் அப்பா இனிப்பு சாப்பிட்டால், சுவை தெரியாவிட்டாலும் சர்க்கரை உடம்பில் ஏறத்தான் செய்யும்.

மருந்தாளுநர் (மறுமொழி):

மாத்திரையை நிறுத்துவது பற்றி உறவினர்கள் சொல்வதை அருள்கூர்ந்து ஏற்காதீர்கள். இந்த மூலிகைக்கு மதிப்பில்லை என்பதல்ல என் கருத்து. 1990இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு, இதன் இலைச்சாற்றிலிருந்து தயாரித்த மருந்து நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுக்கப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது; 5 பேரால் மாத்திரையை விடவும் முடிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. அளவு தெரிந்த மருந்தைக் கொடுத்து, தொடர்ந்து கண்காணித்துச் செய்தது. வேலியில் பறிக்கும் நான்கைந்து இலைகளில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது.

உங்கள் அப்பாவின் நிலையில் எனக்கு உள்ள கவலை வேறு. கிளிமிபிரைடு தானாகவே சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இழுக்கக்கூடிய மருந்து; அதோடு இந்த இலையும் சேர்ந்தால், சாப்பாடு சற்றுத் தாமதமான ஒரு நாளில் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் எனத் தொடங்கி மயக்கம்வரை போகலாம். அரிதாகக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாகவும் பதிவு உண்டு. ஆகவே மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டு, வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவர முடியும் என்றால் மட்டுமே தொடங்குங்கள். அறுவைச் சிகிச்சை ஏதும் இருந்தால் இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

மலையடிவாரத்தான்:

மூவருக்கும் மிக்க நன்றி. மருத்துவரைப் பார்க்கும்வரை அப்பா இலையைத் தொட மாட்டார், மாத்திரையும் தொடரும். கொடி சிறுகுறிஞ்சான்தான் என்று உறுதியானால், வேலியில் ஆடு கடித்து அழிந்துபோகாதபடி வீட்டருகே பதியம் வைக்க முடியுமா?

பசுந்தழை:

முடியும். விதை நெடுநாள் தாங்காது என்பதால் தண்டுக்குச்சியே நல்லது. மாசி, பங்குனியில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள குச்சியை வெட்டி, நிழலில் பையில் நட்டு, வேர்விட்டதும் பந்தலோ கம்பிவேலியோ உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பறிக்கும் இலையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள்.