கர்ப்ப காலத்தில் நகம் ஒட்டும் வேலை: விடுவதா, தொடர்வதா?

பரந்தன் பெண்

வணக்கம் அக்காமாரே. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்கிறேன். முடி, மணப்பெண் அலங்காரம், சாமத்திய வீட்டு வேலை எல்லாம் அங்கே நடக்கும். என் பொறுப்பு நகம். இப்போது மூன்றாம் மாதம். கிளினிக்கில் பதிந்துவிட்டேன்.

கடை நீளமான ஒற்றை அறை. வீதிப் புழுதிக்கும் ஏசிக்குமாக முன் கண்ணாடிக் கதவை எந்நேரமும் சாத்தியே வைத்திருப்பார்கள். பின்கதவு ஒன்று உண்டு, ஆனால் அதற்கு முன்னால் துவாய்க் கூடையும் ஷாம்பு பெட்டிகளும் அடுக்கியிருக்கின்றன. என் மேசை நடுவில். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் குவிந்துவிடுவார்கள். ஒருத்திக்கு அக்ரிலிக் ஒட்டிக்கொண்டிருப்பேன், பக்கத்தில் இன்னொருத்தியின் பழைய ஜெல், நகப்பூச்சைக் கரைக்கும் அசிற்றோனில் ஊறிக்கொண்டிருக்கும், மூன்றடி தள்ளி ஒருவருக்குக் கெரட்டின் போட்டு முடி நேராக்குவார்கள். மதியத்துக்குள் தலை கனத்து, கண் எரியத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் அந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மாமி வேலையை விடச் சொல்கிறார். கணவருக்கு மேசன் வேலை, மாரி தொடங்கினால் அதுவும் படுத்துவிடும். கூரை போட எடுத்த கடனுக்கு வாரம் தவறாமல் ஆள் வாசலில் வந்து நிற்கிறார். என் வயிற்றைப் பார்த்து அவர் தவணையைத் தள்ளிப்போடப் போவதில்லை. முதலாளி அக்கா குணமானவர், ஆனால் அவர் தந்தது ஒரு பெட்டி நீல முகக்கவசம், கொரோனா காலத்தில் போட்டோமே, அதுதான். அது போதுமா? "போதாது, விடு" என்று மட்டும் எழுத வேண்டாம், அதை வீட்டிலேயே கேட்டுவிட்டேன்.

குடும்பநல உத்தியோகத்தர், முல்லைத்தீவு

தங்கச்சி, அந்த நீல முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அது எச்சில் துளிக்காகச் செய்தது. என்95 போட்டால் நகத்தை அராவும்போது பறக்கும் தூள் நிற்கும், அசிற்றோன் ஆவி அதற்குள்ளாகவும் வந்துவிடும். ஆவியைப் பிடிக்கக் கரி வடிகட்டி வைத்த கனமான முகக்கவசம் வேண்டும். சத்தி எடுக்கும் காலத்தில் அதை நாள் முழுக்க யார் போட்டிருப்பது? ஆகவே முகத்தை விட்டுவிட்டு அறையைக் கவனியுங்கள். ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் ஆவியைக் குளிராக்கித் திரும்பவும் உங்களுக்கே தருகிறது.

வேலை நாளில் தலையிடி, ஞாயிற்றுக்கிழமை சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியே போதும். அது மசக்கை இல்லை, மசக்கைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அடுத்த கிளினிக்கில் இதை இப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், கடையில் எந்தெந்த இரசாயனம் என்பதையும் சொல்லுங்கள். நம் பெண்கள் "கடையில் வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாங்களும் புடவைக் கடை என்று நினைத்துக்கொள்கிறோம்.

பயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கரைப்பான் ஆவி அதிகமாக, நெடுங்காலம் மூச்சில் போவதற்கும் கருச்சிதைவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அழகு நிலையத்தாரை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எவ்வளவு ஆவி, எவ்வளவு நேரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அந்த இரண்டையும் குறைக்க முடியும். ஆனால் கெரட்டின் நடக்கும்போது அந்த அறையில் இருக்கவே வேண்டாம். அவற்றில் பல, சூடு பட்டதும் ஃபோர்மல்டிஹைட் விடுபவை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது அதைத்தான்.

வவுனியா பார்லர்க்காரி

நான் முதலாளி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடையிலும் ஒரு பிள்ளை வயிற்றோடு வேலை செய்தாள். நாங்கள் செய்தது பெரிய செலவில்லை. குசினிச் சுவரில் பூட்டுவோமே, அந்தப் புகை இழுக்கும் விசிறி, அதை வாங்கி மேசை உயரத்தில் பின்சுவரில் பூட்டினோம். கூரையோரம் பூட்ட வேண்டாம். அசிற்றோன் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். காற்று உள்ளே வர ஒரு வழியும் வேண்டும், இல்லாவிட்டால் விசிறி சும்மா சுற்றும். புழுதிக்குப் பயந்தால் முன்கதவை விட்டுவிட்டு மேல் ஜன்னலைத் திறந்து வலை அடியுங்கள். காற்று முதலில் உங்களைத் தாண்டி, பிறகு மேசையைத் தாண்டி விசிறிக்குப் போக வேண்டும். பலர் வாடிக்கையாளருக்கு வியர்க்கிறது என்று அவர் பின்னால் மேசை விசிறியை வைப்பார்கள், அது ஆவி முழுவதையும் உங்கள் மூக்கில் கொண்டுவந்து அடிக்கும்.

மற்றது மூடி. அக்ரிலிக் தூளைக் குழைக்கும் திரவம், அதுதான் மொனோமர், அந்தக் கிண்ணத்தைத் தூரிகை தொடும் நேரம் தவிர மூடியே வையுங்கள், ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றுங்கள். ஜெல் ஊறவைக்க விரல்களைக் கிண்ணத்தில் முக்காதீர்கள். பஞ்சில் நனைத்து நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள். கழித்த பஞ்சு மூடியுள்ள வாளிக்குப் போக வேண்டும். எங்கள் பிள்ளைகள் திறந்த கூடையில் போட்டுவிட்டு, மணம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள்!

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை மாலை கடையில் சாமிப் படத்துக்கு விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டுவோம், பொழுதுபட்டால் நுளம்புச் சுருளும் கொளுத்துவோம். அசிற்றோன் பெற்றோலைப்போலப் பற்றக்கூடியது. ஆவி தரையோடு ஊர்ந்து சுருள் வரைக்கும் போகும். முதலில் போத்தல்களை மூடுங்கள், பிறகு சாமியைக் கும்பிடுங்கள்.

மொனோமரை லேபிள் இல்லாத போத்தலில் நிரப்பி விற்கிறார்கள், அதை வாங்க வேண்டாம் என்று உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். அதில் எம்எம்ஏ எனப்படும் மெதைல் மெதாக்ரிலேட் இருக்கலாம். முகர்ந்தாலே தலை சுற்றும், நகம் கல்லாக இறுகும், அசிற்றோனில் லேசில் கரையாது, அராவி அராவிக் கை ஓயும். நகத்துக்கு அதைப் பாவிப்பதற்கு எதிராக அமெரிக்காவில் 1970களிலேயே நடவடிக்கை எடுத்துவிட்டார்கள்.

மாங்குளத்தாள், இலண்டன்

நான் இங்கே நெயில் பாரில் வேலை. கர்ப்பம் என்று எழுத்தில் அறிவித்தால், அந்த வேலையில் என்ன ஆபத்து என்று முதலாளி மதிப்பிட்டே ஆக வேண்டும், இங்கே சட்டம் அப்படி. அங்கே யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே உங்களுக்குக் கண்காணிப்பாளர்.

ஜெல் போத்தலில் டிபிஓ (TPO) என்ற பெயரைத் தேடுங்கள். விளக்கொளியில் ஜெல்லை இறுக வைக்கும் பொருள் அது. இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தி, ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. ஐரோப்பாவில் விற்க முடியாத சரக்கு யாருக்காவது மலிவாகக் கிடைக்கும் என்பது என் ஊகம், ஆகவே திடீர் விலைக்குறைப்பைச் சந்தேகப்படுங்கள். கியூட்டெக்ஸ் போத்தலில் "நச்சு மூன்றும் இல்லை" என்று போட்டிருந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம். டொலுயீன், ஃபோர்மல்டிஹைட், டைபியூட்டைல் தாலேட், இவைதான் அந்த மூன்று. 2012இல் கலிபோர்னிய அரசு பரிசோதித்தபோது, இல்லை என்று எழுதியிருந்த சில போத்தல்களிலேயே அவை இருந்தன.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். அதையும் அடிக்கடி மாற்றுங்கள், அசிற்றோன் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அந்த மேசையில் வைத்துச் சாப்பிடாதீர்கள், தேநீர்க் கோப்பையும் அங்கே வேண்டாம்.

பரந்தன் பெண்

எல்லோருக்கும் நன்றி. நேற்று முதலாளி அக்காவிடம் கதைத்தேன். முதலில் "நாங்கள் எல்லாம் பிள்ளை பெறவில்லையா" என்றார். வவுனியா அக்கா எழுதியதைக் கைபேசியில் அப்படியே வாசித்துக் காட்டினேன். விளக்கு, நுளம்புச் சுருள் கதையில்தான் முகம் மாறியது. கடை எரிந்தால் அவருக்கும் நட்டம் அல்லவா! பின்கதவுப் பெட்டிகள் அன்றைக்கே இடம் மாறின. விசிறி வாங்கச் சம்மதித்திருக்கிறார். கெரட்டின் வேலை இனி நான் போன பிறகு, மாலையில். அக்ரிலிக்கை மற்றப் பிள்ளை செய்வாள், நான் மருதாணி, புருவம், சாதாரண கியூட்டெக்ஸ். ஆனால் நகத்துக்குத் தரும் மேலதிகக் காசு எனக்கு இல்லை என்கிறார். அது நியாயமா? பிரசவ விடுப்பு பற்றிக் கேட்டால் "பிறகு பார்ப்போம்" என்கிறார்.

குடும்பநல உத்தியோகத்தர், முல்லைத்தீவு

மேலதிகக் காசு நீங்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டியது. விடுப்பு அப்படியல்ல. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சம்பளத்தோடு 84 நாட்கள், பிரசவத்துக்கு முன் 14, பின் 70. கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது. நியமனக் கடிதம் இருக்கிறதா, ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா? இல்லையென்றால் சம்பளம் வாங்கிய தேதிகளை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் போய் விசாரியுங்கள், ஏழாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

வவுனியா பார்லர்க்காரி

விசிறி பூட்ட வருகிற ஆளிடம் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கடதாசித் துண்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தவர் முதலில் தலைகீழாகப் பூட்டிவிட்டுப் போனார்.