வீட்டு வைனுக்கு ஏற்ற முந்திரிகை எது? கொன்கோர்ட் கொடியால் வந்த சிக்கல்

ஸ்காபரோக்கொடி:

வணக்கம். ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில், முன்பு குடியிருந்தவர்கள் நட்ட கொன்கோர்ட் முந்திரிகைக் கொடி வேலி முழுவதும் படர்ந்திருக்கிறது. சென்ற செப்ரெம்பர் இறுதியில் அதிலிருந்து ஏறக்குறைய 20 கிலோ பழம் பறித்து, காம்பு நீக்கி நசுக்கி, தோலுடன் ஆறு நாட்கள் நொதிக்கவிட்டுப் பிழிந்தேன். தொடக்கத்தில் சாறு 16 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் இத்தனை கிராம் சீனி என்ற அளவு) மட்டுமே காட்டியதால், 12 லீற்றருக்கு 600 கிராம் சீனி சேர்த்திருந்தேன். நொதித்தல் தடங்கலின்றி முடிந்தது, சாற்றின் அடர்த்தியை அளக்கும் நீரமானி 0.996இல் நின்றது, அதாவது சீனி தீர்ந்துவிட்டது; வினாகிரி வாடையோ பூஞ்சணமோ இல்லை.

ஆனால் போத்தலைத் திறந்தால் சிறுவர்களுக்கு விற்கும் ஊதா நிறப் பானத்தின் மணம் எழுகிறது. வாயில் வைத்தால் பல் கூசுகிறது. பிழை என் செய்முறையிலா, பழத்திலா? இந்த இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து பெட்டிகளில் வரும் பழத்தை வாங்கலாம் என்று நினைக்கிறேன். பக்கத்துத் தெருவிலுள்ள இத்தாலியக் கடையில் சின்ஃபண்டல், அலிகாண்டே, மஸ்கட் ஆகிய பெயர்களைப் பார்த்தேன். என்னிடம் 23 லீற்றர் கண்ணாடிக் குடுவை ஒன்று இருக்கிறது. பல்பொருள் அங்காடியில் மலிவாகக் கிடைக்கும் விதையில்லாப் பழம் உதவுமா என்பதையும் சொல்லுங்கள்.

நயாகராப்பக்கம்:

நீங்கள் தந்திருக்கும் எண்களைப் பார்த்தால் செய்முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் இனத்தில்தான் இருக்கிறது. கொன்கோர்ட் என்பது 1849இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கொன்கோர்ட் ஊரில் இஃப்ரெயிம் புல் என்பவர் தெரிவு செய்து வளர்த்த இனம். வட அமெரிக்கக் காட்டு முந்திரிகையான லாபுரஸ்காவின் வழிவந்தது. அதன் தனி மணத்துக்கு முதன்மைக் காரணம் மெதைல் அந்திரனிலேற் என்ற சேர்மம். உங்கள் ஊதாப் பானத்தின் நினைவு தற்செயலானதன்று, ஏனெனில் அத்தகைய பானங்களுக்கு முந்திரிகை மணம் ஊட்டப் பயன்படுவதும் அதே சேர்மந்தான். மதுவம் (ஈஸ்ட்) சீனியை உண்டுவிடுகிறது. மணமும் அமிலமும் அப்படியே நிற்கின்றன. பழத்தில் இனிப்போடு சேர்ந்து இதமாக இருந்த புளிப்பு, இனிப்பு நீங்கியதும் தனித்துத் தெரிகிறது. கொன்கோர்ட் வைனைப் பெரும்பாலும் இனிப்பாகவே செய்து விற்பதற்கும் இதுவே காரணம்.

இருப்பதைக் கொட்டிவிடாதீர்கள். குளிர்காலத்தில் குடுவையை இரண்டு மூன்று வாரங்கள் உறைநிலைக்கு அண்மையான குளிரில் வைத்தால், அமிலத்தின் ஒரு பகுதி படிகமாகி அடியில் தங்கும். வாகனக் கொட்டிலில் வைப்பதானால் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்; மறை ஐந்து (−5) பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வைன் உறைந்து கண்ணாடி வெடிக்கும். பின்னர் தெளிந்ததை வடித்து, பொட்டாசியம் மெற்றாபைசல்பைற்றும் பொட்டாசியம் சோர்பேற்றும் சேர்த்து மதுவம் மீண்டும் எழாதபடி செய்த பிறகு, சிறிது சிறிதாகச் சீனி சேர்த்துச் சுவை பாருங்கள். சல்பைற் இல்லாமல் சோர்பேற்றை மட்டும் இட வேண்டாம். பக்ரீரியா அதைச் சிதைத்தால் ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற நாற்றம் வரும், அதற்கு மாற்று வழி கிடையாது.

அடுத்த முறைக்கு என் பரிந்துரை ஒன்ராறியோவிலேயே விளையும் பாக்கோ நுவார். பிரெஞ்சு இனத்தையும் அமெரிக்க இனத்தையும் கலந்து உருவாக்கியது, குளிரைத் தாங்கும். நல்ல நிறம் தரும். லாபுரஸ்கா மணம் இல்லை.

மதுரைக்காரன்:

அங்காடிப் பழத்தைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். (நீங்கள் எழுதும் முந்திரிகைதான் எங்கள் ஊர்த் திராட்சை என்பது புரிய எனக்குச் சற்று நேரமானது, எங்களுக்கு முந்திரி என்றால் பாயசத்தில் போடும் பருப்பு.) மிசிசாகாவுக்கு வந்த முதல் ஆண்டில் தள்ளுபடி விலையில் கிடைத்த பச்சை விதையில்லாத் திராட்சையில் ஒயின் செய்தேன். பிழையாக எதுவும் நடக்கவில்லை, ஆனால் குடிப்பதற்கும் அதில் எதுவும் இல்லை. உண்பதற்கான திராட்சையைப் பெரிய மணியாக, மெல்லிய தோலோடு, குறைந்த புளிப்போடு வளர்க்கிறார்கள். ஒயினுக்கு வேண்டியது நேர்மாறு: மணி சிறியதாக இருந்தால் சாற்றுக்கு ஏற்ற அளவில் தோலும் கூடும், நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பன்னீர்த் திராட்சை, உலகில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் இனம். உண்ணவும் பயன்படும், மணமான ஒயினும் தரும். கலிபோர்னியாவில் அதையே பிளாக் மஸ்கட் என்கிறார்கள். உங்கள் கடையிலுள்ள மஸ்கட் கறுப்பா வெள்ளையா என்று கேளுங்கள். கறுப்பானாலும் நிறம் வெளிறியே இருக்கும். தனியாகச் செய்வதைவிட வேறொன்றோடு சிறு பங்கு சேர்ப்பது நன்று.

ஸ்காபரோக்கொடி:

இருவருக்கும் நன்றி. யாழ்ப்பாணத்தில் எங்கள் பந்தலில் காய்த்த இஸ்ரேல் புளூவைத் தவிர வேறு இனத்தின் பெயரே அறியாமல் வளர்ந்தவன் நான். உலர்ந்த, அதாவது இனிப்பில்லாத, சிவப்பு வைன்தான் என் விருப்பம். சின்ஃபண்டலை மட்டும் வாங்குவதா, அலிகாண்டேயையும் கலப்பதா? எத்தனை பெட்டி வேண்டும்?

பழம்பீப்பாய்:

பாக்கோ நுவாரை முதலில் எடுக்கச் சொன்ன நண்பருடன் நான் உடன்படவில்லை. அது நல்ல இனந்தான், ஆனால் இயல்பாகவே புளிப்புக் கூடியது. புளிப்பால் சலித்துப்போன ஒருவர் இரண்டாம் முறையும் அமிலத்தோடு மல்லுக்கட்டுவானேன்? கலிபோர்னியாவின் வெயிலில் பழுத்த பழம் வேறு வகைச் சிக்கலைத் தரும், ஆனால் அது எளிதில் தீர்வது.

சின்ஃபண்டலின் குலையில் எல்லா மணிகளும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒரே குலையில் செங்காயும், கனிந்ததும், உலர்ந்து சுருங்கியதும் இருக்கும். நசுக்கிய அன்று 23 பிரிக்ஸ் காட்டிய கூழ், சுருங்கிய மணிகள் ஊறியதும் மறுநாள் 25க்கு மேல் ஏறுவது வழக்கம். ஒரு பிரிக்ஸ் ஏறக்குறைய 0.55 சதவீத மதுசாரமாக மாறும் என்று கணக்கிட்டால், 27இல் தொடங்கும் கூழ் 15 சதவீதத்தை நெருங்கும்; அந்த நிலையில் வலுவற்ற மதுவம் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே 24 மணி நேரம் கழித்து நன்றாகக் கலக்கி, மீண்டும் அளந்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள். கொன்கோர்ட்டுக்குச் செய்த பழக்கத்தில் சீனிப் பையை எடுத்துவிடாதீர்கள்.

அலிகாண்டே பூஷேயின் சிறப்பு, அதன் சதையும் சிவப்பாக இருப்பது. பெரும்பாலான கறுப்பு இனங்களைப் பிழிந்தால் நிறமற்ற சாறே வரும். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்தபோது, வீட்டில் வைன் செய்தவர்களுக்காகக் கலிபோர்னியாவிலிருந்து இரயிலில் கிழக்கே போன பழங்களில் இதற்குத் தனி மதிப்பு இருந்தது. தடித்த தோல் நெடும்பயணத்தைத் தாங்கியது. இங்குள்ள இத்தாலியக் குடும்பங்கள் இன்றும் அதை வாங்குகின்றன. ஆயினும் தனியாகச் செய்தால் மைபோல் கறுத்திருக்குமே தவிர, மணம் அதற்கு ஈடாக இராது. ஐந்தில் ஒரு பங்கு போதும்.

16 கிலோப் பெட்டி ஒன்றிலிருந்து ஒன்பது, பத்து லீற்றர் வைன் கிடைக்கும். 23 லீற்றர் குடுவைக்கு மூன்று பெட்டி வாங்குங்கள். மிஞ்சுவதைச் சிறு போத்தல்களில் வைத்து, வண்டல் நீக்கும்போது குறையும் இடத்தை அதனால் நிரப்பலாம். அலிகாண்டேயில் ஒரு பெட்டியை அயலவருடன் பகிர முடிந்தால் நல்லது. கடையில் மேலடுக்கை மட்டும் பார்த்து ஏமாறாமல், பெட்டியின் அடிப்பக்கத்தையும் முகர்ந்து பாருங்கள். வினாகிரி வாடை வந்தால் எந்த இனமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நயாகராப்பக்கம்:

பாக்கோவின் புளிப்பைப் பற்றிச் சொன்னது சரி. நான் அதை மலோலக்ரிக் நொதித்தலால் (பக்ரீரியா கூர்மையான மலிக் அமிலத்தை மென்மையான லக்ரிக் அமிலமாக மாற்றுவது) குறைத்துப் பழகியவன் என்பதால் குறிப்பிடத் தவறிவிட்டேன். ஸ்காபரோ நண்பர் கொடியை வெட்டிவிட வேண்டாம். கொன்கோர்ட்டை விஞ்சும் ஜாம் முந்திரிகை வேறில்லை.

ஸ்காபரோக்கொடி:

நல்லது. இரண்டு பெட்டி சின்ஃபண்டலும், அயலவருடன் பகிர்ந்து அரைப் பெட்டி அலிகாண்டேயும் வாங்குகிறேன். குறைவதைப் பிளாக் மஸ்கட் கிடைத்தால் அதனால் நிரப்புவேன். பழைய வைனில் நான்கு லீற்றரை மட்டும் முதலில் குளிரூட்டி இனிப்பாக்கிப் பார்த்துவிட்டு, விளைவை இங்கேயே எழுதுகிறேன்.