சுவாமியின் படத்துக்குச் சென்னையில் அட்வான்ஸ் கட்ட முன்பு

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் மச்சான்மாருக்கும் வணக்கம்.

ஊர் நூலகத்தின் புதுக் கட்டடத்தில் யாழ்நூல் எழுதிய சுவாமி விபுலாநந்தரின் பெரிய படம் ஒன்று வைப்பதென்று நம் ஊர்ச் சங்கத்தின் போன கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். நல்ல காரியம். ஆனால் அதைச் சென்னையில் ஓடர் கொடுத்து எடுப்போம், அனுப்புகிற செலவோடு சேர்த்தாலும் மலிவு என்று பிறகு வந்த யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

சுவாமி 1892இல் பிறந்தது கிழக்கிலங்கையின் காரைதீவில், நம்மூரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். அவருடைய சமாதி மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் இருக்கிறது. அதே கல்லடியில் அவர் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது, இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஓவியமும் பட்டப்படிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கே படித்துவிட்டுச் சித்திரப் பாட ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற பிள்ளைகள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சுவாமியின் பெயரில் படித்த பிள்ளைகள் சும்மா இருக்க, சுவாமியின் முகத்தைச் சென்னையில் வரைவிப்பது எந்த ஊர் நியாயம்?

காரணம் மலிவு மட்டும் இல்லை என்பது நமக்குத் தெரியும். 'இந்தியாக்காரன் செய்தால் பினிஷிங் இருக்கும்' என்ற எண்ணம்தான். கோபுர வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிமார் வருவது பழைய வழக்கம், அவர்களுக்கு அது பரம்பரைத் தொழில், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அம்மன் கோயில் வெளிமண்டபச் சுவரில் படம் எழுதுகிற வேலையையும் சேர்த்துக் குத்தகைக்குக் கொடுத்தோமே, அது ஞாபகம் இருக்கிறதா?

அந்தச் சுவரில் முன்பு இருந்தது சித்திர மாஸ்டர் எழுதிய கண்ணகி கதை. இளையவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், ஆகையால் ஒள்ளுப்பம் விரிவாகவே சொல்கிறேன். மதுரை எரிகிற கட்டம் வடக்குச் சுவரில். அரண்மனைக்குப் பின்னால் வைகை ஓட வேண்டிய இடத்தில் நம்முடைய வாவி, கரையில் கண்டல்பற்றை, ஒரு தோணி. தீக்குத் தப்பி ஓடுகிற சனத்துக்குள் ஒரு மனிசி தையல் மெசினின் தலையைச் சீலைத்துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருப்பா. பின்னால் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். மதுரையில் தையல் மெசின் ஏது என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். 1990இல் போருக்குப் பயந்து வீட்டைப் போட்டுவிட்டு ஓடியவர்கள் சிரித்ததில்லை.

கண்ணகியின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கையில் சிலம்பு, தலைமயிர் விரிந்தபடி, ஆனால் கோபத்தைவிடக் களைப்புத்தான் கூட. அம்மன் உக்கிரமாக இல்லை என்று அப்போதே கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் ஒருவர் முணுமுணுத்தாராம். வைகாசிச் சடங்கில் அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடுகிற ஊர் நாம். பாட்டு முடிந்த பிறகு அவள் எப்படி இருந்திருப்பாள் என்று யோசித்து எழுதின முகம் அது என்பது என் எண்ணம். வேறெங்கும் அப்படி ஒரு கண்ணகியை நான் பார்த்ததில்லை.

நாம் அனுப்பிய காசில் கோயில் திருத்தினார்கள். பழைய சுவரைக் கொத்திப் பூசி, புதுச் சாந்து காய முன்பே பளபளவென்று எனாமலில் படம் எழுதி முடித்தாயிற்று. அடுத்த மாரி முடியும்போது உப்புப் பூத்து லட்சுமியின் கன்னம் செதில் செதிலாக உரிந்தது. கடற்கரை ஊரில் புதுப்பூச்சுச் சுவர் ஒரு மாரியாவது பார்க்காமல் பிரஷ் வைக்கக்கூடாது என்பது மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்கிற விஷயம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. வாசலில் கருங்கல்லில் நன்கொடையாளர் பெயரெல்லாம் இருக்கிறது, ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று ஊரோடு. என் அப்பாவின் பெயரும் உண்டு. முன்பு எழுதியவரின் பெயரும் இல்லை, பிறகு வந்து எழுதியவர்களின் பெயரும் இல்லை.

இந்தக் கடிதத்தில் அவர் பெயரைப் போடலாமா என்று மாஸ்டரிடம் போனில் கேட்டேன். "முதல்ல சுவரில போடட்டும் மனே, மறுகா கடிதத்தில போடலாம்" என்றார். ஆகையால் போடவில்லை.

அவர் கையால் செய்ததில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம். வடமோடி என்கிற நம் நாட்டுக்கூத்துக்குக் கிரீடம் செய்து கண்ணாடித்துண்டு ஒட்டி வர்ணம் பூசியிருக்கிறார். பாடசாலை நாடகங்களுக்குச் சீன் எழுதியிருக்கிறார். தர்பார் சீன் 78 நவம்பர்ச் சூறாவளியில் மண்டபக் கூரையோடு போனது. காட்டுச் சீனும் தெருச் சீனும் 2004 சுனாமியில் கடலோடு போயின. கடைகளுக்கு எழுதிய பெயர்ப்பலகைகளை டிஜிட்டல் பிரின்ட் வந்து கழற்றிவிட்டது.

தப்பியது நம் வீடுகளில் தொங்குகிற படங்கள்தான். செத்துப்போனவர்களின் அடையாள அட்டைப் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, பென்சிலாலும் கரியாலும் வரைந்து கொடுப்பார். அடையாள அட்டையில் எல்லோரும் பொலிசைக் கண்டது போல முழித்துக்கொண்டுதானே இருப்போம். அதனால் வரைய முன்பு வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "சிரிச்சா எந்தப் பக்கம் வாய் கோணும்? வெத்திலை போடுவாரா?" என்று விசாரிப்பார். எங்கள் பெரியப்பாவின் படத்தில் கீழுதடு ஒரு பக்கம் சற்றுக் கறுத்திருப்பது அப்படி வந்ததுதான். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு அழுதாவாம். சென்னையில் இருக்கிற ஸ்டூடியோக்காரர் சுவாமியின் படத்துக்கு யார் வீட்டுத் திண்ணையில் போய் விசாரிப்பார்?

யாழ்ப்பாணத்தாரோடு நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஆனால் அங்கே ஓவியர் மாற்கு உயிரோடு இருக்கும்போதே, 1987இல், அத்தனை குழப்பத்துக்குள்ளும் அவரைப் பற்றி ஒரு மலர் போட்டார்கள். அவரிடம் படித்த வாசுகி ஜெயசங்கர் மட்டக்களப்பைத் தன் ஊராக்கிக்கொண்டு இங்கிருந்துதான் வரைகிறார். போரில் பெண்கள் பட்டதை அவர் படங்களில் பார்க்கலாம். மட்டக்களப்பானான சுசிமன் நிர்மலவாசன் கொழும்புக் கண்காட்சிகளில் தெரிந்த பெயர். நம் ஒன்றுகூடலில் இந்த இரண்டு பெயரையும் சொன்னேன். "ஆரது?" என்றார்கள். சொன்ன எல்லோரும் அணிந்திருந்தது மட்டக்களப்பைச் சொல்கிற 'மீன்பாடும் தேன்நாடு' டீசேர்ட். அதில் இருக்கிற கடற்கன்னியும் இன்டர்நெட்டில் எடுத்த வெள்ளைக்காரி.

நம்மவர் என்பதற்காக எல்லாவற்றையும் ஆஹா ஓஹோ என்று சொல்லச் சொல்லவில்லை. 2019 கடைசியில் நாடு முழுக்கப் பொடியன்கள் மதில்களில் படம் எழுதினார்கள். நம் பக்கம் எழுதியதில் பாதி போனில் பார்த்துப் பிரதி பண்ணியது, ஆனையின் கால் ஆனைக்குப் பொருந்தவில்லை. ஒரே ஒரு மதிலில் கூத்தாடுகிறவர் சுழன்று திரும்பும்போது கரப்புடுப்பு என்கிற அகன்ற கூத்து உடுப்பு ஒரு பக்கம் எழும்புவதை ஒரு பிள்ளை பிடித்திருந்தது. கூத்துக் களரிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அது வரும். ஊருக்குப் போனால் அது யார் என்று விசாரியுங்கள். சுவாமியின் படத்துக்கு நான் மனதில் வைத்திருப்பது அந்தக் கையைத்தான். பக்கத்தில் மாஸ்டர் இருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு பேருக்கும் முறையாகக் கூலி கொடுக்க வேண்டும். ஊர்ப்பிள்ளைதானே என்று பெயின்ற் காசும் மத்தியானச் சோறும் கொடுத்துக் காரியம் முடிக்கிற பழக்கம் வேண்டாம். சென்னைக்குக் கொடுக்க இருந்த தொகையை அப்படியே கொடுப்போம். படத்தின் அடியில் வரைந்தவர் பெயரும் ஆண்டும் வரட்டும், அன்பளிப்பு செய்த சங்கத்தின் பெயர் அதைவிடச் சின்ன எழுத்தில் வந்தால் போதும். பிள்ளையின் கை சரியில்லை என்று மாஸ்டர் சொன்னால் வேறு ஆளைப் பார்ப்போம், அதையும் கல்லடியிலேயே பார்ப்போம்.

வைகாசிச் சடங்குக்குப் போகிறவர்கள் இன்னொரு வேலையும் செய்யுங்கள். மேற்குத் தெருப் பிள்ளையார் கோயிலில் மாஸ்டர் எழுதிய கஜமுகாசுரன் இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ஆகப்போகிறது, அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அதுவும் வெள்ளையடிபடும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பிளாஷ் போடாமல், துண்டு துண்டாகக் கிட்டப்போய்ப் படம் எடுங்கள். வீடுகளில் தொங்குகிற படங்களையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள், யாருடைய படம், எந்த ஆண்டு வரைந்தது என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.

பொருளாளர் அண்ணன், ஞாயிறு ஸூம் கூட்டம் வரைக்கும் சென்னைக்குக் காசு போட வேண்டாம். எதிர்ப்பு இருப்பவர்கள் அன்றைக்கு வந்து சொல்லட்டும், நானும் வருகிறேன்.

கடற்கரை வீதிப் பொடியன்,
ஸ்கார்பரோ