கருப்புக் கவுனிக்குச் சான்றிதழ் வாங்கலாமா? பி.ஜி.எஸ் குழு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர் பாசனம்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர், கண்மாய்ப் பாசனம். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாததால் நான்தான் பார்க்கிறேன். ஒரு ஏக்கரில் மட்டும் யூரியா, மருந்து எதுவும் இல்லாமல் கருப்புக் கவுனி என்ற பாரம்பரிய நெல் போட்டிருக்கிறேன். காரைக்குடியில் அரிசி கேட்டவர், "சான்றிதழ் இருந்தால் நல்ல விலை தருகிறேன்" என்கிறார். ஒருவர் பி.ஜி.எஸ் என்கிறார், ஒருவர் அங்ககச் சான்று என்கிறார், கேப் என்றும் ஒன்று இருக்கிறதாம். இதற்கு இவ்வளவு எழுத்து வேலை வேண்டுமா? மேல்மடைக்காரர் மருந்து அடித்தால் அந்தத் தண்ணீர் என் வயலுக்குத்தானே வரும்?

திருமயம் தோட்டம்:

மூன்றும் வேறு வேறு. கேப் என்பது நல்ல விவசாய முறைகளுக்கான சான்று, இயற்கை விவசாயச் சான்று கிடையாது. ஐரோப்பியக் கடைக்காரர்கள் 1997இல் யூரெப்கேப் என்று ஆரம்பித்தது, 2007இல் குளோபல்கேப் ஆனது. அதில் மருந்து அடிக்கலாம். எது, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு என்று எழுதி வைக்க வேண்டும். ஏற்றுமதிக்கு அங்கக (ஆர்கானிக்) சான்று வேண்டும், கோவையில் இருக்கும் அரசுத் துறை அதைத் தருகிறது. உள்ளூரிலும் சென்னையிலும் விற்க, விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிற பி.ஜி.எஸ் போதும், அதற்குக் கட்டணமும் இல்லை.

கல்லல் அக்கா:

தம்பி, நாங்கள் கல்லல் பக்கம் பி.ஜி.எஸ் குழுவில் இருக்கிறோம். குறைந்தது 5 விவசாயிகள் சேர வேண்டும். வெளியிலிருந்து ஆய்வாளர் வரமாட்டார். ஒருவர் வயலை மற்றவர்கள் நடந்து பார்த்துத் தாளில் எழுதுகிறோம். நீ என் வயலுக்கு ஒப்பு, நான் உன் வயலுக்கு ஒப்பு என்று மாற்றிக்கொள்ளக் கூடாது. இதில் தயவு தாட்சண்யம் பார்த்தால் மொத்தச் சான்றும் பொய்யாகிவிடும். அதனால்தான் எங்கள் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதிலேயே கறாராக இருக்கிறோம். ரசாயனத்தை விட்டு மாறுகிற காலத்தில் பசுமை என்றும், அது முடிந்த பிறகு ஆர்கானிக் என்றும் சான்று வரும். நெல் மாதிரிப் பயிருக்கு அந்த மாறுகிற காலம் 24 மாதம். ஒரு ஏக்கரை மட்டும் காட்டிவிட்டு மிச்ச மூன்றில் யூரியா போட்டுக்கொண்டே இருக்க முடியாது, முழுப் பண்ணையையும் கொண்டுவரச் சொல்வார்கள். அதை இப்போதே யோசித்துக்கொள்.

எழுத்து வேலை வேண்டுமா என்று கேட்டாய். சான்றிதழே வேண்டாம் என்றாலும் எழுது என்பேன். ஐந்தொகை என்று வரவு செலவுக் கணக்கை முடித்துப் பார்த்து வட்டிக்கடை நடத்திய ஊர் நம் ஊர். கடைக்கு எழுதினார்கள், வயலுக்கு எழுதவில்லை. எந்த வயலில் என்ன விதை, எங்கே வாங்கியது, எத்தனை வண்டி எரு, எப்போது களை, எத்தனை ஆள் கூலி, மடை திறந்த தேதி, கண்ட மூட்டை. இவ்வளவுதான். எங்கள் நோட்டைப் புரட்டினபோதுதான் எங்கள் செலவில் பெரும்பங்கு களைக்குப் போவது கண்ணில் பட்டது. புழுதியில் விதைக்கிற நம் ஊரில் களைதான் நெல்லுக்கு முதல் எதிரி. அதற்கப்புறம்தான் கோடை மழையிலேயே உழுது, முளைத்த களையைத் திரும்ப மடக்கி உழுகிறோம். பசுந்தாள் உரத்துக்குக் கொழிஞ்சியும் விதைக்கிறோம்.

மேல்மடைத் தண்ணீர் நியாயமான கவலை. வரப்பை உயர்த்து, அந்தப் பக்கம் அகத்தியோ சூபாபுலோ நெருக்கமாக வை. ஓரத்து வரிசைகளைத் தனியாக அறுத்துத் தனியாக விற்றுவிடு. மேல்மடைக்காரரிடமும் பேசு, அவர் மருந்து அடிக்கிற நாளைச் சொன்னாலே அன்றைக்கு மடையை அடைத்துக்கொள்ளலாம்.

பலரும் விட்டுவிடுவது வேறொன்று. அறுவடை மிஷின் பக்கத்து ஊரில் அறுத்துவிட்டு நேரே உன் வயலில் இறங்கும், உள்ளே அவர்கள் நெல் இருக்கும். சுத்தம் செய்யச் சொல், முதலில் கொட்டுகிற நெல்லைக் கவுனியோடு சேர்க்காதே. யூரியாச் சாக்கில் நெல் பிடிக்காதே. மருந்து அடித்த டேங்க்கில் பஞ்சகவ்யா கரைக்காதே.

தேவகோட்டைக்காரன், ஒண்டாரியோ:

இங்கே கனடாவில் 1993 முதல் பண்ணைச் சுற்றுச்சூழல் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. முழுக்க விருப்பத்தின் பேரில்தான். விவசாயியே ஒரு பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தன் கிணறு, எருக்குழி, டீசல் வைக்கிற இடம், மருந்து அறை ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார். 4 நல்லது. குறைந்த மதிப்பெண் வந்த இடத்துக்கு என்ன செய்யப் போகிறேன் என்று அவரே எழுதுகிறார். விற்பனை முத்திரை எதுவும் இல்லை, தன் நிலத்தைத் தானே பார்த்துக்கொள்ளத்தான். நம் கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம் முழுவதற்கும் இப்படி ஒன்று செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! மடைக்கு மடை கேட்டுப் பார்க்கலாம்.

பள்ளத்தூர் பாசனம்:

ரொம்ப நன்றி அக்கா. மிஷின் விஷயம் யாரும் சொல்லவே இல்லை. எங்கள் ஊரில் இன்னும் மூன்று பேர் ஆர்வமாக இருக்கிறார்கள், ஆக நாலு. சனிக்கிழமை கல்லல் வந்தால் உங்கள் நோட்டைப் பார்க்க முடியுமா?

கல்லல் அக்கா:

தாராளமாக வா தம்பி. ஐந்தாவது ஆளை அவசரப்பட்டுப் பிடிக்காதே. வருகிறபோது நாலு ஏக்கருக்கும் மண் எடுத்து வா, பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம். நெல் வயலுக்கு அரை அடி ஆழம் போதும். மண்வெட்டியால் ஆங்கில 'வி' மாதிரி வெட்டி, பக்கத்துச் சுவரிலிருந்து சுரண்டி எடு. வரப்போரம், மர நிழல், எரு கொட்டின இடம் வேண்டாம். கவுனி ஏக்கர் மண்ணைத் தனிப் பையில் போட்டு அடையாளம் எழுதிக் கொண்டு வா.