கார்ப்பஸ் பணம் 12 லட்சம்: மீடியம் டியூரேஷன் ஃபண்டா, எஃப்டியா?

செம்பூர்வாசி:
எங்கள் பழைய கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய்விட்டது. இப்போது கோவண்டியில் வாடகைக்கு இருக்கிறோம். பில்டர் கொடுத்த கார்ப்பஸ் பணம் 12 லட்சம் சேமிப்புக் கணக்கில் தூங்குகிறது. நான்கு வருடத்தில் சாவி தருவதாக ஒப்பந்தம். புது வீட்டின் சமையலறை, மர வேலை எல்லாவற்றுக்கும் இந்தப் பணம்தான். அலுவலக நண்பர் மீடியம் டியூரேஷன் கடன் ஃபண்டில் போடச் சொல்கிறார். "உனக்கும் நாலு வருஷம், ஃபண்டுக்கும் நாலு வருஷம், கச்சிதம்" என்கிறார். நான் 30 சதவீத வரிக்காரன். போடலாமா?

மாட்டுங்கா பாலு:
தாராளமாகப் போடுங்கள் தம்பி. எஃப்டி வட்டிக்கு வருடா வருடம் வரி கட்ட வேண்டும். ஒரே வங்கியில் வட்டி 50,000 தாண்டினால் டிடிஎஸ் வேறு. ஃபண்டில் யூனிட்டை விற்கும்போதுதான் வரி, அதுவரை அந்தப் பணமும் சேர்ந்து வளரும்.

டோம்பிவ்லி லதா:
2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டுக்கு இன்டெக்சேஷன் (விலைவாசி ஏற்றத்தைக் கழித்து லாபம் கணக்கிடும் சலுகை) கிடையாது, லாபம் முழுக்க அவரவர் வரி வரம்பில்தான். தள்ளிப்போடலாம், தப்ப முடியாது.

ஆனால் எனக்குச் சண்டை அந்தக் 'கச்சித'த்தோடுதான். சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி இந்த வகை ஃபண்டின் டியூரேஷன் (கையில் உள்ள பத்திரங்களின் பணம் திரும்பிவர ஆகும் சராசரிக் காலம்; இது நீளமானால் வட்டி ஏறும்போது மதிப்பு அதிகம் இறங்கும்) 3 முதல் 4 வருடம். நீங்கள் சேரும் நாளிலும் அதுதான், சாவி வாங்கும் நாளிலும் அதுதான். பழைய பத்திரம் முதிர முதிர மேனேஜர் புதிது வாங்கிக்கொண்டே இருப்பார். உங்கள் நாலு வருடம் தேயும், அவருடையது தேயாது. தச்சருக்கு முன்பணம் கொடுக்கும் நேரத்தில் சந்தை வட்டி ஒரு சதவீதம் ஏறினால் ஃபண்டின் மதிப்பு சுமார் மூன்றரை சதவீதம் இறங்கும். 12 லட்சத்துக்கு 42,000. சிம்னியும் அடுப்பும் போச்சு!

மாட்டுங்கா பாலு:
லதா, பயமுறுத்தாதே. நாலு வருடம் சேர்ந்த வட்டியில்தானே அது குறையும், அசலில் இல்லையே. நிலைமை மோசமாகும் என்று தெரிந்தால் மேனேஜர் டியூரேஷனை ஒரு வருடம் வரை குறைக்கவும் அதே செபி அனுமதிக்கிறது.

டோம்பிவ்லி லதா:
தெரிந்தால்தானே அண்ணா! 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி), 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 2022 ஜனவரியில் நான் போட்ட 5 லட்சம் ஜூனில் 4,96,000 என்று காட்டியது. பின்னால் ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜூனில் எனக்குப் பணம் தேவைப்பட்டிருந்தால்?

முலுண்ட் ராஜன்:
இரண்டு பேரும் வட்டியையே பேசுகிறீர்கள். இந்த வகையில் பல ஃபண்டுகள் கூடுதல் வருமானத்துக்காக ஏஏ தரப் பத்திரங்களையும் (கடன் திரும்பி வரும் நம்பகத்தில் முதல் தரத்துக்கு ஒரு படி கீழே) வைத்திருக்கும். 2020 ஏப்ரலில் ஒரு நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. பணம் பிறகு தவணை தவணையாக வந்தது, ஆனால் தச்சர் காத்திருப்பாரா? ஃபண்டின் விவரத் தாளான ஃபேக்ட்ஷீட்டில் ரேட்டிங் பக்கத்தை முதலில் பாருங்கள். டைரக்ட் பிளானா (இடையில் விநியோகஸ்தர் கமிஷன் இல்லாததா) என்றும் நண்பரைக் கேளுங்கள்.

மாட்டுங்கா பாலு:
வங்கி மட்டும் இரும்புப் பெட்டியா ராஜன்? 2019இல் இதே மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கி முடங்கியபோது முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்க விட்டார்கள். டெபாசிட் காப்பீடு இப்போதும் ஒரு வங்கிக்கு 5 லட்சம்தான். அப்புறம், நாலு வருடத்தில் சாவி என்று நம்புகிறீர்களே தம்பி, எங்கள் சந்தில் ஒரு கட்டடம் ஏழாவது வருடமாக எழும்புகிறது! தேதி தெரியாத செலவுக்கு, நினைத்தபோது விற்கிற ஃபண்டுதான் சரி.

டோம்பிவ்லி லதா:
சரி, இது நியாயமான பேச்சு. அப்படியானால் பாதியை இரண்டு வங்கிகளில் எஃப்டியாகப் போடுங்கள். மீதியை டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்டில் போடலாம். அரசுப் பத்திரங்கள், குறித்த வருடத்தில் முதிர்ந்துவிடும். அங்கே டியூரேஷன் உங்களோடு சேர்ந்து தேயும். சாவி தாமதமானால் அப்போது வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

மாட்டுங்கா பாலு:
நான் இன்னும் மீடியம் பக்கம்தான்.

செம்பூர்வாசி:
நண்பரிடம் ஃபேக்ட்ஷீட் கேட்டேன். படிவத்தை அனுப்பியிருக்கிறார். விநியோகஸ்தர் கட்டத்தில் அவர் மனைவியின் ஏஆர்என் (விநியோகஸ்தர் பதிவு) எண் ஏற்கெனவே நிரப்பியிருக்கிறது.