பருத்தி போட்டும் புழுங்குகிறது, உள்ளே போட எந்தத் துணியில் தைப்பது?

ஈசூன்வாசி:
வணக்கம். போன வருடம் பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கினேன், தலையணை உறை, ஜன்னல் திரை என்று நேர்த்தையல் எல்லாம் வந்துவிட்டது. இப்போது எனக்கும் அம்மாவுக்கும் உள்ளே போடுவதைத் தைக்கலாம் என்று ஆசை. சுடிதாருக்குள் சிம்மீஸ், புடவைக்கு உள்பாவாடை, அப்புறம் தொடை உரசாமலிருக்க முட்டிக்கு மேல் நிற்கும் ஒரு கால்சட்டை. கடையில் வாங்கிய பாவாடை காலோடு ஒட்டுகிறது, எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் பத்து நிமிடத்தில் நாடா கட்டும் இடமெல்லாம் வேர்க்குரு. காட்டன் என்று சொல்லித்தான் விற்றார்கள். சரி என்று நானே பாப்ளின் எடுத்து ஒன்று தைத்தேன், அது சுத்தமான பருத்திதான், அதுவும் புழுங்குகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

ஊசிநூல்:
கடைப் பாவாடையின் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் தொட்டால் உதிரும். உருகிக் கெட்டியாக மணி போல் உருண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

பாப்ளின் விஷயம் வேறு. அது நெருக்கி நெய்த துணி, காற்று போக வழியில்லை. பருத்தியா என்று மட்டும் கேட்டால் போதாது, எவ்வளவு நெருக்கம் என்றும் பார்க்க வேண்டும். கடையில் ஒற்றை மடிப்பை உதட்டருகே வைத்து ஊதுங்கள், மூச்சு மறுபக்கம் கையில் பட வேண்டும் (கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்). சிம்மீஸுக்கு மல் துணி, மெல்லிய லேசான பருத்தி. பாவாடைக்கு மல் வேண்டாம், வெளிச்சத்தில் கால் தெரியும், நாடா இழுக்கும் இடம் கிழியும். அதற்கு வாயில் (voile) என்கிற துணியை எடுங்கள், நம் அம்மாக்கள் வாயில் புடவை கட்டினார்களே, அதேதான். நூலை நன்றாக முறுக்கி இடைவெளி விட்டு நெய்வதால் வியர்த்தாலும் அவ்வளவாக ஒட்டாது. நாடா போகும் பட்டிக்கு மட்டும் அந்தப் பாப்ளின் மிச்சத்தை வையுங்கள்.

பனியன்பிரியன்:
அக்கா சொல்வது பாவாடைக்குச் சரி. ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சும், சீக்கிரம் விடாது, நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் இன்னும் மெதுவாகத்தான் காயும். 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி அடித்ததே, அன்று நான் வெளியில் வேலையில் இருந்தேன், தடித்த பருத்தி பனியன் சாயங்காலம் வரை ஈரத்துண்டு மாதிரி கிடந்தது. ஆகவே எதை எடுத்தாலும் மெல்லியதாக எடுங்கள். கால்சட்டைக்குப் பனியன் துணிதான் நல்லது, 5 சதவீதம் எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் நூல்) கலந்த மெல்லிய சிங்கிள் ஜெர்சி. முனை மழுங்கிய பனியன் ஊசி போட்டு ஜிக்ஜாக் தையல் விடுங்கள், நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும்.

மூங்கில் துணி என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி ரசாயனத்தில் கரைத்து இழுக்கும் நூல். வழவழவென்று நன்றாகத்தான் இருக்கும், மாயம் எதுவும் இல்லை. ஈரமானால் வலு குறையும், முறுக்கிப் பிழியாதீர்கள்.

ஊசிநூல்:
தம்பி, இறுக்கிப் பிடிக்கிற துணி வேர்க்குரு இருக்கிற உடம்புக்கா? வாயில் துணியிலேயே தொளதொளவென்று வெட்டி, கவட்டையில் டைமண்ட் வடிவில் ஒரு துண்டு வைத்தால் உட்கார எழுந்திருக்க இழுக்காது. தொடை உரசல்தான் பெரிய தொல்லை என்றால் உங்கள் ஜெர்சி, ஒப்புக்கொள்கிறேன்.

தேக்காபக்கம்:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வெட்டுவதற்கு முன் துணியை ராத்திரி ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும். நான் அவசரத்தில் அப்படியே வெட்டித் தைத்த சிம்மீஸ் இப்போது என் மகளுக்கு. பிசிர் உள்ளே மறையும்படி இரட்டைத் தையல் போடுங்கள், ஓரம் பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் நூல்தான் பாதி நேரம் குத்துகிறது. துவைக்கும்போது சாஃப்டனர் வேண்டாம், துணி மேல் படிந்து உறிஞ்சுவதைக் குறைக்கும். வாங்க அராப் ஸ்ட்ரீட் துணிக்கடைகளுக்குப் போங்கள், பனியன் துணிக்கு ஸ்பாட்லைட் கடையில் பாருங்கள். தேக்கா சந்தை மேல்மாடித் தையல்காரர்களிடம் பாவாடை வெட்டும் விதத்தைக் கேட்டால், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் சொல்லித் தருவார்கள்.

ஈசூன்வாசி:
கொளுத்திப் பார்த்தேன், மணி மாதிரிதான் உருண்டது! அம்மா தீயணைப்புப் படையைக் கூப்பிடட்டுமா என்கிறார். சனிக்கிழமை அராப் ஸ்ட்ரீட். பாவாடைக்கு எத்தனை மீட்டர் எடுக்கட்டும்?

ஊசிநூல்:
ஆறு பட்டை வெட்டு என்றால் இரண்டேகால். அம்மா உயரம் என்றால் இரண்டரையாகவே எடுத்துவிடுங்கள், மிஞ்சினால் கவட்டைத் துண்டுக்கு ஆகும்.