ஆபீஸ் பிராக்ஸி பூட்டைத் திறந்து படிக்கிறது. இது சரியா?

பொட்டிதட்டி:
ஆபீஸ் லேப்டாப்பில் என் பேங்க் தளத்தைத் திறந்தவன், பூட்டுச் சின்னத்தைச் சும்மா கிளிக் செய்து பார்த்தேன். தளம் உண்மையானதுதான் என்று சொல்லும் சான்றிதழில், வழங்கியவர் என்ற இடத்தில் எங்கள் கம்பெனி பெயர் இருக்கிறது! மொபைலில் அதே தளத்துக்கு வேறு பெயர். பிரவுசர் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. என்ன நடக்கிறது?

ஃபயர்வால்_காவலன்:
பயப்பட ஒன்றுமில்லை, நான் பார்க்கும் வேலையே இதுதான். கம்பெனி தனக்கென ஒரு ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் மூலச் சான்றிதழ்) உருவாக்கி, குரூப் பாலிசி (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து செட்டிங் தள்ளும் விண்டோஸ் வசதி) வழியாக எல்லா லேப்டாப்பிலும் போட்டிருக்கும். நீங்கள் தளத்தைத் திறக்கும்போது பிராக்ஸி, அதாவது ஆபீஸ் டிராஃபிக் கடந்து போகும் பெட்டி, நடுவில் நின்று, அந்தப் பெயருக்கு அந்த நொடியே ஒரு சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும். உங்கள் பக்கம் ஒரு இணைப்பு, பேங்க் பக்கம் இன்னொன்று, நடுவில் எல்லாம் பூட்டில்லாத வெறும் எழுத்து.

ஏன் என்று கேட்டால், மால்வேரும் இப்போது எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் வருகிறது. முன்பு பூட்டைத் திறக்காமலே சர்வர் காட்டும் சான்றிதழைப் பார்த்தாவது கொஞ்சம் கணிக்கலாம். 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 (எச்டிடிபிஎஸ் பூட்டின் புதிய பதிப்பு) அதையும் மறைத்துவிட்டது. ஆனால் பேங்க் தளங்களை விலக்குப் பட்டியலில் (பிராக்ஸி திறக்காமல் விடும் தளங்கள்) போடாதது உங்கள் ஆபீஸ் ஐடி டீமின் சோம்பேறித்தனம்.

பூட்டுச்சாவி:
'பயப்பட ஒன்றுமில்லை' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். லேப்டாப் கம்பெனியுடையது, சரி. பேங்க் பாஸ்வேர்டும் கம்பெனியுடையதா?

அதைவிடப் பெரிய சிக்கல் பிராக்ஸியின் மறுபக்கம். பேங்கின் உண்மையான சான்றிதழை என் பிரவுசர் பார்ப்பதே இல்லை. அதைச் சோதிக்கும் வேலை முழுக்க அந்தப் பெட்டியின் கையில். 2017-ல் வந்த ஒரு ஆய்வு, இப்படி நடுப்பெட்டி வழியாகப் போன டிராஃபிக்கில் 62 சதவீதத்துக்குப் பாதுகாப்பு குறைந்திருந்தது என்று கண்டது. பாதுகாக்க வைத்த பெட்டியே ஓட்டை போடுகிறது.

ஃபயர்வால்_காவலன்:
அதே ஆய்வில் பெட்டிகளைச் சோதித்தது டிஃபால்ட் செட்டிங்கில் என்பதையும் சொல்லுங்கள். சரியாக அமைத்தால் கதை வேறு.

நான் பார்த்த ஒன்று: ஒரு லேப்டாப் எல்லோரும் தினமும் புழங்கும் ஒரு கிளவுட் ஸ்டோரேஜிலிருந்து ஒரு ஜிப் ஃபைலை இறக்கியது. தளத்தின் பெயரில் குறையே சொல்ல முடியாது. உள்ளே இருந்தது பாஸ்வேர்ட் திருடும் புரோகிராம். திறந்து பார்த்ததால் பிடித்தோம். இல்லாவிட்டால் லாகில் 'நல்ல தளம், அனுமதி' என்று ஒரு வரி மட்டும் இருந்திருக்கும்.

நைட்_பில்ட்:
நீங்கள் இருவரும் பிரவுசரையே பேசுகிறீர்கள். டெவலப்பர் கஷ்டத்தைக் கேளுங்கள். குரூப் பாலிசி ரூட்டை விண்டோஸில் போடும், அவ்வளவுதான். கோட் எழுதும் கருவிகள் எந்தச் சான்றிதழை நம்புவது என்று தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கும். ஜாவாவுக்குத் தனி கீஸ்டோர், பைத்தான் ரிக்வெஸ்ட்ஸுக்குத் தனிச் சான்றிதழ்க் கட்டு, நோடுக்குத் தனி என்விரான்மெண்ட் வேரியபிள், டாக்கர் இமேஜுக்குள் எதுவுமே இல்லை. ஒவ்வொன்றாக உடையும்.

அப்புறம் என்ன நடக்கும்? மாலை ஆறு மணிக்கு பில்ட் (கோடைப் புரோகிராமாக்கும் வேலை) ஓடவில்லை என்றால், ஒருவன் கோடில் 'வெரிஃபை ஈக்வல்ஸ் ஃபால்ஸ்', அதாவது சான்றிதழைச் சோதிக்காதே, என்று எழுதுவான். ஓடிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். பிராக்ஸியே இல்லாத புரொடக்ஷன் சர்வருக்கும் அதே வரி போகும். எங்கள் கோட் இருக்கும் ரெப்போவில் ஒருநாள் தேடியபோது பதினோரு இடத்தில் கிடைத்தது. அதில் ஒன்று நான் எழுதியது, மறைக்கவில்லை.

பொட்டிதட்டி:
குரோமில் பின்னிங் (இந்தத் தளத்துக்கு இந்தச் சாவிதான் என்று முன்பே குறித்து வைப்பது) இருக்கிறதே, அது தடுக்காதா?

பூட்டுச்சாவி:
தடுக்காது. கையால் நிறுவிய ரூட் என்றால் குரோம் பின்னைக் கண்டுகொள்ளாது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 7-லிருந்து ஆப்கள் பயனர் சேர்த்த ரூட்டைத் தானாக நம்புவதில்லை, அது கொஞ்சம் நிம்மதி.

காவலன் சார், ஒரே கேள்வி. லெனோவோ லேப்டாப்களோடு வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் 2015-ல் அம்பலமானதே, எல்லா மெஷினிலும் ஒரே ரூட், ஒரே பிரைவேட் கீ (சான்றிதழில் கையெழுத்திடும் ரகசியச் சாவி). ஒருவர் கீயை உருவியதும் அத்தனை லேப்டாப்பும் திறந்த வீடாகிவிட்டது. உங்கள் கீ எங்கே இருக்கிறது?

ஃபயர்வால்_காவலன்:
ரூட் ஆஃப்லைனில். பிராக்ஸியில் இருப்பது இண்டர்மீடியட்தான், அதாவது ரூட் கையெழுத்திட்டுக் கொடுத்த இடைநிலைச் சான்றிதழ். அதன் கீ பெட்டியின் டிஸ்கில் இருக்கிறது, தனி ஹார்ட்வேரில் வைக்க பட்ஜெட் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தப் புள்ளி உங்களுக்கு.

பூட்டுச்சாவி:
நேர்மைக்கு நன்றி. பொட்டிதட்டி, பேட்எஸ்எஸ்எல் என்ற சோதனைத் தளத்தில் காலாவதியான சான்றிதழ் பக்கம், வேறு யாரும் உறுதி செய்யாமல் தளம் தானே கையெழுத்திட்ட சான்றிதழ் பக்கம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். இரண்டும் எச்சரிக்கை இல்லாமல் திறக்கக் கூடாது. ஆபீஸ் லேப்டாப்பில் திறந்து பாருங்கள்.

பொட்டிதட்டி:
பார்த்தேன். காலாவதியானதைப் பிராக்ஸி தடுத்துவிட்டது. தானே கையெழுத்திட்டது, பூட்டுச் சின்னத்தோடு, கம்பெனி சான்றிதழோடு, அழகாகத் திறந்தது.

பூட்டுச்சாவி:
😐

ஃபயர்வால்_காவலன்:
இது மோசம். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஏதோ ஒரு வெண்டர் தளத்துக்காக 'நம்பாத சான்றிதழையும் அனுமதி' என்று திறந்துவிட்டு மூட மறந்திருப்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு டிக்கெட் போடுங்கள், பேங்க் விலக்கையும் அதிலேயே கேளுங்கள்.

பொட்டிதட்டி:
போட்டாச்சு. பேங்க் வேலை இனி மொபைல் டேட்டாவில்தான்.

ஃபயர்வால்_காவலன்:
எங்கள் பெட்டியிலும் இப்போது அதே பக்கங்களைத் திறந்து பார்க்கப் போகிறேன். கேட்காதீர்கள், நானே வந்து சொல்கிறேன்.